குரோமை யார் தேர்ந்தெடுத்தது?

2008 செப்டம்பர் 2 அன்று கூகுள் தன் குரோம் பிரவுசரை வெளியிட்டது. சரியாக 17 ஆண்டுகள் கழித்து, 2025 செப்டம்பர் 2 அன்று, அந்தக் குரோமை விற்கும்படி கூகுளுக்குக் கட்டளையிட முடியாது என்று வாஷிங்டன் நீதிபதி அமித் மேத்தா தீர்ப்பளித்தார். அதற்கு ஓராண்டு முன்பு, 2024 ஆகஸ்ட் 5 அன்று, இணையத் தேடலில் கூகுள் சட்டத்தை மீறி ஏகபோகத்தைக் காப்பாற்றி வருகிறது என்று எழுதியவரும் இதே மேத்தாதான். முதல் தீர்ப்பைப் பலரும் மறந்துவிட்டார்கள். இரண்டாவதை மட்டும் கையில் வைத்துக்கொண்டு ஒரு முடிவுக்கும் வந்துவிட்டார்கள்.

அந்த முடிவு இதுதான்: குரோம் நல்ல பிரவுசர், அதனால் ஜெயித்தது. காசு கேட்பதில்லை, அதனால் யாருக்கும் நட்டமில்லை. பிடிக்காதவர்கள் வேறொன்றை இறக்கிக்கொள்ளலாம், யாரும் கையைப் பிடித்துத் தடுக்கவில்லை. இப்போது ஏ.ஐ. பிரவுசர்களும் வந்துவிட்டதால் போட்டி தானாகவே நடந்துகொள்ளும், அரசும் நீதிமன்றமும் தலையிட வேண்டியதில்லை. ஐ.டி. நண்பர்கள் இதைச் சொல்கிறார்கள், வணிகப் பத்திகளில் இதைப் படிக்கிறோம், கல்லூரியில் கணினி கற்பிப்பவர்கள்கூட இதையே சொல்லிக்கொடுக்கிறார்கள். நியாயமான பேச்சுபோலத்தான் தோன்றுகிறது. ஆனால் இதில் ஒரு வாக்கியம்கூட நடந்த வரலாற்றோடு முழுதாகப் பொருந்தவில்லை.

நான் இருப்பது லவ்டேலில். ஊட்டிக்கும் கேத்திக்கும் நடுவே மலை ரயில் நின்று போகும் சிறிய ஊர். வெளியூர்க்காரர்களிடம் லாரன்ஸ் பள்ளி இருக்கும் ஊர் என்று சொன்னால் புரியும். பெருநிறுவனப் போட்டியைப் பற்றி இங்கிருந்து என்ன தெரிந்துவிடும் என்று கேட்கலாம். நகரத்தில் ஆபீஸ் கணினி, வீட்டு லேப்டாப், போன் என்று மூன்று கருவிகள் வைத்திருப்பவருக்குத் தெரியாத ஒன்று இங்கே தெரிகிறது. தோட்டத்து லைன் வீடுகளில் போன் ஒன்றுதான் கணினி. பட்டா, சாதிச் சான்றிதழ், கரண்ட் பில், பிள்ளையின் ஸ்காலர்ஷிப் எல்லாம் அந்த ஆறு அங்குலத் திரை வழியாகத்தான். மலைக்கு ஏறி வரும் வெளியூர்க்காரர்களுக்கும் அதேதான்: சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2024 மே 7 முதல் இ-பாஸ் இல்லாமல் வெளியூர் வண்டி நீலகிரிக்குள் வர முடியாது. கல்லாறு சோதனைச்சாவடிக்கு முன்பு காரை ஓரங்கட்டிவிட்டுப் போனில் படிவம் நிரப்புகிறவர்களைச் சீசனில் பார்க்கலாம். ஒரு மாவட்டத்தின் வாசலே வலைத்தளமாகிவிட்ட பிறகு, அந்தத் தளத்தைத் திறந்து காட்டும் பிரவுசர் யார் கையில் இருக்கிறது என்பது குடிமக்கள் எல்லோருக்கும் உரிய கேள்வி.

முதலில், மக்கள் தேர்ந்தெடுத்தார்கள் என்ற வாதத்தை எடுத்துக்கொள்வோம்.

தோட்டத்தில் வேலை செய்யும் பக்கத்து வீட்டு அக்கா ஊட்டியில் ஒரு போன் வாங்கி வந்தார். அதை முதல்முறை இயக்கும்போது நான் கூட இருந்தேன். என்ன மொழி என்று போன் கேட்டது. வைஃபை கேட்டது. ஜிமெயில் கணக்கைக் கேட்டது, இல்லையென்றால் புதிதாகத் தொடங்கு என்றது. இருப்பிடம் அறியலாமா, தகவல் அனுப்பலாமா என்று ஒவ்வொன்றாகக் கேட்டது. எல்லாம் முடிந்து முகப்புத் திரை வந்தபோது நடுவில் கூகுள் தேடல் பட்டை, அடியில் குரோம். எந்தப் பிரவுசர் வேண்டும் என்ற கேள்வி மட்டும் வரவே இல்லை. "இதுல நெட் எங்க இருக்கு தம்பி?" என்று கேட்டவர், நான் வாயைத் திறப்பதற்குள் அந்த வட்டத்தை அழுத்திவிட்டார். அவர் தேர்ந்தெடுத்த கணம் எது என்று இந்தக் கட்சிக்காரர்கள் எனக்குக் காட்டட்டும்.

அந்தக் குரோம் அங்கே தற்செயலாக வந்து உட்காரவில்லை. ஆண்ட்ராய்டு போன் தயாரிப்பவர்களுக்கு பிளே ஸ்டோர் வேண்டும். அது இல்லாத போனை இந்தியாவில் விற்க முடியாது. பிளே ஸ்டோர் வேண்டுமென்றால் கூகுளின் ஆப்களை மொத்தமாக, அவர்கள் சொல்லும் இடத்தில், முன்பே பதிந்து தர வேண்டும் என்பது 2023இன் தொடக்கம்வரை ஒப்பந்தமாக இருந்தது. இதைச் சொல்வது நானல்ல, இந்தியப் போட்டி ஆணையம். 2022 அக்டோபர் 20 அன்று கூகுளுக்கு ரூ.1,337.76 கோடி அபராதம் விதித்த உத்தரவில், ஆப் ஸ்டோரில் தனக்கிருக்கும் ஆதிக்கத்தைக் கொண்டு பிரவுசர் சந்தையிலும் குரோமுக்கு இடம் பிடித்துக் காத்துக்கொண்டது என்று ஆணையம் தனியாகவே குற்றம் கண்டது. அந்த வழக்கைத் தொடங்கிவைத்தது எந்தப் போட்டி நிறுவனமும் அல்ல, இளம் ஆய்வாளர்கள் இருவரும் ஒரு சட்ட மாணவரும் என்பதையும் நினைவில் வைக்க வேண்டும்.

வேண்டாமென்றால் மாற்றிக்கொள்ளலாமே என்கிறார்கள். அவ்வளவு சுலபமாக மக்கள் மாற்றிக்கொள்வார்கள் என்றால் கூகுள் ஏன் ஆப்பிளுக்குப் பணம் கொடுக்கிறது? ஐபோனின் சஃபாரி பிரவுசரில் கூகுள் தேடலே டிஃபால்டாக இருப்பதற்காக 2022ஆம் ஆண்டுக்கு மட்டும் 2,000 கோடி டாலர் கொடுத்தது நீதிமன்ற ஆவணங்களில் வெளிவந்தது. அதற்கு முந்தைய ஆண்டில் இப்படிப் பலருக்கும் கொடுத்த மொத்தத் தொகை 2,630 கோடி டாலர். தன் தேடல்தான் சிறந்தது, எப்படியும் மக்கள் தேடி வருவார்கள் என்று உண்மையிலேயே நம்புகிற நிறுவனம் எதற்காக இத்தனை பணத்தைக் கொட்ட வேண்டும்? மக்கள் பெரும்பாலும் மாற்றுவதில்லை என்பது கூகுளுக்குத் தெரியும். அதன் கணக்கு வழக்கைப் பார்ப்பவர்களுக்குத் தெரிந்தது நம் பத்தி எழுத்தாளர்களுக்குத் தெரியவில்லை.

இந்த மலையில் சிறு தேயிலை விவசாயி ஒருவரிடம் கேட்டால் இது உடனே புரிந்துவிடும். பறித்த பசுந்தேயிலையை யாருக்கு வேண்டுமானாலும் அவர் கொடுக்கலாம். தனியார் தொழிற்சாலை இருக்கிறது, இன்ட்கோ கூட்டுறவுத் தொழிற்சாலை இருக்கிறது, ஏஜென்ட்டுகள் இருக்கிறார்கள். ஆனால் இலை அன்றைக்கே தொழிற்சாலைக்குப் போயாக வேண்டும், வைத்திருந்தால் கருகிவிடும். மூட்டையைச் சுமந்துகொண்டு மூன்று மைல் தள்ளி நல்ல விலை விசாரிக்கப் போக யாருக்கும் முடியாது. தோட்டத்து வாசலில் யாருடைய வண்டி வந்து நிற்கிறதோ அவருக்குத்தான் இலை. அந்த வண்டிக்காரரை விவசாயி தேர்ந்தெடுத்தார், விலை அவருக்குத் திருப்தி என்று யாராவது சொன்னால் கோத்தகிரியிலும் மஞ்சூரிலும் சும்மா கேட்டுக்கொண்டிருக்க மாட்டார்கள்.

எதிர்த்தரப்பின் வலுவான வாதம் ஒன்று உண்டு. அதைத் தொடாமல் போவது நேர்மையாகாது. விண்டோஸ் கணினியில் டிஃபால்டாக இருப்பது மைக்ரோசாஃப்டின் எட்ஜ். இருந்தும் மக்கள் அதைத் திறந்து குரோமை இறக்குகிறார்கள். வாசலில் நிற்கும் வண்டியே எல்லாவற்றையும் முடிவு செய்கிறது என்றால் இது எப்படி நடந்தது?

குரோம் வந்தபோது உண்மையிலேயே நல்ல பிரவுசராக இருந்தது. ஒரு பக்கம் தொங்கிப்போனால் மற்றப் பக்கங்களும் சேர்ந்து விழாது, ஜாவாஸ்கிரிப்ட் ஓட்டம் வேகமாக இருந்தது, தானாகவே புதுப்பித்துக்கொண்டது. அதை எழுதிய பொறியாளர்களின் திறமையைக் குறைத்துப் பேச எனக்கு எந்த ஆசையும் இல்லை. ஆனால் திறமை தனியாக வரவில்லை. உலகமே தினமும் திறக்கும் கூகுள் முகப்பில் குரோமை இறக்கச் சொல்லும் அழைப்பு இருந்தது; அந்த இடத்தை எந்தப் போட்டியாளரும் விலைக்கு வாங்க முடியாது. அடோபி ஃபிளாஷ் போன்ற இலவச மென்பொருள்களை நிறுவும்போது, முன்பே டிக் அடித்துவைத்த கட்டத்தோடு குரோமும் கூடவே வந்து இறங்கியது. அதைவிட முக்கியம், எதிரில் இருந்தது மைக்ரோசாஃப்ட் தானே பாழாக்கிய இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரர். டிஃபால்டாக இருப்பதைத் தோற்கடிக்க இத்தனையும் ஒன்றுசேர வேண்டியிருந்தது. இன்று போனில் குரோமை எதிர்க்க நினைப்பவரிடம் இவற்றில் எது இருக்கிறது?

இன்டர்நெட் எக்ஸ்ப்ளோரரை மைக்ரோசாஃப்ட் எப்படிப் பாழாக்கியது என்பதுதான் அடுத்த வாதத்துக்கு, காசு இல்லை ஆகவே நட்டமில்லை என்பதற்கு, பதில். 1990களின் நடுவில் நெட்ஸ்கேப் பிரவுசர்தான் இணையம். மைக்ரோசாஃப்ட் தன் பிரவுசரை விண்டோஸோடு சேர்த்து இலவசமாகக் கொடுத்து நெட்ஸ்கேப்பை வீழ்த்தியது. 1998 மே மாதம் அமெரிக்க அரசு வழக்குத் தொடுத்தது. 2000இல் நிறுவனத்தை இரண்டாகப் பிரிக்கத் தீர்ப்பு வந்தது. 2001இல் மேல்நீதிமன்றம் பிரிப்பதை ரத்து செய்தது, ஏகபோகக் குற்றத்தை உறுதி செய்தது. அதற்குள் நெட்ஸ்கேப் கதை முடிந்துவிட்டது. போட்டி ஒழிந்த பிறகு மைக்ரோசாஃப்ட் என்ன செய்தது? 2001 ஆகஸ்டில் எக்ஸ்ப்ளோரர் 6 வந்தது. எக்ஸ்ப்ளோரர் 7 வந்தது 2006 அக்டோபரில். உலகில் பத்துப் பேரில் ஒன்பது பேர் பயன்படுத்திய மென்பொருளுக்கு ஐந்து ஆண்டுகள் புதிய பதிப்பே இல்லை. ஓபராவிலும் பயர்பாக்ஸிலும் ஒரே ஜன்னலில் பல பக்கங்களைத் திறந்து வைத்துக்கொள்ள முடிந்தபோது எக்ஸ்ப்ளோரர்காரர்கள் காத்திருந்தார்கள். பிரவுசிங் சென்டர் கணினிகள் எக்ஸ்ப்ளோரருக்கே உரிய ஆக்டிவ்-எக்ஸ் நிரல்கள் வழியாக நுழைந்த கிருமிகளால் வாரத்துக்கொரு முறை படுத்தன. யாருக்கும் பில் வரவில்லை என்பது உண்மை. நட்டம் இல்லை என்பது உண்மையல்ல.

தமிழுக்கு நேர்ந்த நட்டம் தனி. இன்றைய இளைஞர்களுக்கு இது தெரியாது, ஆகவே கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். யூனிகோடு பரவுவதற்கு முன்பு தமிழ் இதழ்கள் ஒவ்வொன்றும் ஒவ்வொரு குறியாக்கத்தில் வலையேறின: டிஸ்கி, டாப், டாம், இவை போக இதழுக்கு இதழ் சொந்த ஏற்பாடு. வாசகரின் கணினியில் அந்த எழுத்துரு இருக்காது என்பதால் பக்கத்தோடு சேர்ந்தே எழுத்துரு இறங்கும் ஏற்பாடு ஒன்று வந்தது. அதில் மைக்ரோசாஃப்டுக்கு ஒரு வகைக் கோப்பு, நெட்ஸ்கேப்புக்கு வேறொரு வகைக் கோப்பு. இரண்டும் போட்டியிட்டவரை தளம் நடத்துபவர் இரண்டையும் செய்து வைத்தார். நெட்ஸ்கேப் போனதும் மைக்ரோசாஃப்ட் கோப்பு மட்டும் போதும் என்றாகிவிட்டது. விளைவு, தமிழ் நாளிதழ்களும் வார இதழ்களும் எக்ஸ்ப்ளோரரில் மட்டும் தமிழாகத் தெரிந்தன. பயர்பாக்ஸிலோ லினக்ஸிலோ திறந்தால் ஐரோப்பிய எழுத்துகளும் குறிகளும் கலந்த குப்பை. சிங்கப்பூரிலும் டொராண்டோவிலும் இருந்த தமிழர்கள் பொங்கல் மலரைப் படிக்க எந்தப் பிரவுசர் வைத்திருக்க வேண்டும் என்பதை ரெட்மண்டில் இருந்த ஒரு நிறுவனத்தின் கோப்பு வகை முடிவு செய்தது.

அந்தப் பூட்டை உடைத்தவர்கள் சம்பளமில்லாமல் உழைத்த ஆர்வலர்கள். பயர்பாக்ஸுக்கு பத்மா என்றொரு நீட்சி எழுதப்பட்டது. அது இந்திய மொழிகளின் பழைய குறியாக்கங்களை அந்தக் கணத்திலேயே யூனிகோடுக்கு மாற்றிக் காட்டும். பயர்பாக்ஸைத் தன்னார்வலர்கள் தமிழாக்கினார்கள். ஒரு காலத்தில் இலங்கைத் தமிழுக்கெனத் தனிப் பதிப்பே இருந்தது. பயர்பாக்ஸிலும் குறை உண்டு. இரு பக்கமும் சமன்செய்த பத்திகளில் தமிழ்க் கொம்புகள் எழுத்தைவிட்டுப் பிரிந்து தொங்கும். 2008இல் வந்த மூன்றாம் பதிப்பில்தான் அது சரியானது. அதுவும் ஏன் சரியானது? குறையைச் சொல்ல ஒரு கூட்டம் இருந்தது, கேட்டுத் திருத்தியே ஆக வேண்டிய இடத்தில் பயர்பாக்ஸ் இருந்தது. எக்ஸ்ப்ளோரரின் பொற்காலத்தில் ஏறிய எத்தனையோ தமிழ்ப் பக்கங்களை இன்று எந்தப் பிரவுசராலும் அப்படியே படிக்க முடியாது. ஒரு மொழியின் பத்தாண்டு எழுத்தில் ஒரு பகுதி கைநழுவிப் போனதற்கு என்ன விலை போடுவது?

தென்கொரியா இதைவிட அதிகம் பட்டது. 1999இல் அங்கே வங்கி, அரசு வேலைகளுக்கான மின்கையொப்ப முறையை ஆக்டிவ்-எக்ஸை நம்பிக் கட்டினார்கள். உலகிலேயே வேகமான இணையம் வைத்திருந்த நாடு இருபது ஆண்டுகள் எக்ஸ்ப்ளோரரை விட முடியாமல் தவித்தது. 2020இன் இறுதியில்தான் அந்தச் சான்றிதழ் முறையின் பிடி சட்டப்படி தளர்ந்தது. நம் நாட்டிலும் டிஜிட்டல் கையொப்பம் போட்டு டெண்டர் அனுப்பும் தளங்கள் பல எக்ஸ்ப்ளோரரும் ஜாவாவும் இருந்தால்தான் அசையும் என்ற நிலை நெடுங்காலம் இருந்தது. 2022 ஜூன் 15 அன்று மைக்ரோசாஃப்டே எக்ஸ்ப்ளோரருக்கு விடை கொடுத்தது.

இன்று அதே தவறு குரோம் பெயரில் நடக்கிறது. போன மழைக்காலத்தில் ஒரு அலுவலகத்தின் தளத்தில் பக்கத்து வீட்டுப் பையனுக்காக உதவித்தொகைப் படிவம் நிரப்பினேன். பயர்பாக்ஸில் எல்லாக் கட்டமும் நிரம்பியது, கடைசியில் சமர்ப்பி என்ற பொத்தான் மட்டும் சாம்பல் நிறத்திலேயே நின்றது. உதவி எண்ணில் பேசிய பெண் பொறுமையாகத்தான் சொன்னார்: "சார், குரோம்ல ஓப்பன் பண்ணுங்க." ஒரு பிரவுசரில் மட்டும் சோதித்துவிட்டு ஒப்பந்தக்காரர் பணம் வாங்கிப் போயிருக்கிறார். இப்படி ஒவ்வொரு தளமாகச் சேர்ந்துதான் வேறு வழியில்லாத நிலை உருவாகிறது. பிறகு அந்த எண்ணிக்கையைக் காட்டி மக்கள் குரோமையே விரும்புகிறார்கள் என்கிறார்கள்.

குரோமின் சொந்தக்காரர் விளம்பரம் விற்பவர் என்பதால் வரும் நட்டத்தையும் பார்க்க வேண்டும். நாம் ஒரு தளத்தில் பார்த்த செருப்பு இன்னொரு தளத்தில் விளம்பரமாக வந்து நிற்பதற்கு உதவும் குக்கீகளை பயர்பாக்ஸ் 2019இலும் சஃபாரி 2020 மார்ச்சிலும் டிஃபால்டாகவே தடுத்துவிட்டன. இரண்டே ஆண்டுகளில் தானும் நிறுத்துவதாக 2020 ஜனவரியில் கூகுள் சொன்னது. பிறகு தேதியைத் தள்ளிவைத்தது, மறுபடியும் தள்ளிவைத்தது, 2024 ஜூலையில் திட்டத்தையே கைவிட்டது. உலகில் மூன்றில் இரண்டு பங்கு மக்கள் பயன்படுத்தும் பிரவுசர் இந்தப் பாதுகாப்பைத் தருவதில் கடைசியாகக்கூட வரவில்லை. மறைநிலையில் (இன்காக்னிட்டோ) உலாவியவர்களின் தகவலையும் சேர்த்து வைத்திருந்ததாகத் தொடுக்கப்பட்ட வழக்கில், நூற்றுக்கணக்கான கோடிப் பதிவுகளை அழிக்க 2024 ஏப்ரலில் கூகுள் ஒப்புக்கொண்டது.

விளம்பரத் தடுப்பான் விஷயம் இந்த மலையில் இன்னும் நேரடியாக உறைக்கும். நாளுக்கு ஒன்றரை ஜி.பி. பேக், மழை பிடித்தால் சிக்னல் ஒரு கோட்டுக்கு இறங்கும். ஒரு தமிழ்ச் செய்திப் பக்கத்தை போன் குரோமில் திறந்தால் செய்திக்கு முன்னால் காணொளி விளம்பரம், நடுவில் இரண்டு பட்டை, அடியில் ஒட்டிக்கொண்டு ஒன்று, விரல் தவறினால் வேறெங்கோ போய்விடும். அதே போனில் பயர்பாக்ஸை இறக்கி யூபிளாக் ஆரிஜின் என்ற நீட்சியைச் சேர்த்தால் செய்தி மட்டும் வந்து நிற்கும், அதுவும் சட்டென்று. போன் குரோமில் நீட்சிகளைச் சேர்க்கவே முடியாது. கணினிக் குரோமில் இருந்த அந்த நீட்சியைக் கோடிக்கணக்கானோர் பயன்படுத்தினார்கள். நீட்சிகளுக்கான விதிகளை கூகுள் மாற்றியதால் 2024 தொடங்கி அது படிப்படியாக முடக்கப்பட்டது. பாதுகாப்புக்காக மாற்றினோம் என்கிறார்கள். அந்த விளக்கத்தில் ஓரளவு உண்மையும் இருக்கலாம். ஆனால் விளம்பரத்தில் சம்பாதிப்பவரே விளம்பரத் தடுப்பானின் விதியையும் எழுதும் நிலை ஆபத்தானது என்று சொல்ல நிபுணத்துவம் தேவையில்லை. தினக்கூலிக்காரரின் டேட்டாவில் ஓடும் ஒவ்வொரு விளம்பரக் காணொளியும் அவர் காசில்தான் ஓடுகிறது. இலவசம் என்ற பேச்சு இங்கேயே முடிந்துவிடுகிறது.

இத்தனை பிரவுசர்கள் இருக்கின்றனவே என்ற வாதத்துக்கு வருவோம். எட்ஜ், ஓபரா, பிரேவ், விவால்டி, சாம்சங் இன்டர்நெட் எல்லாவற்றுக்கும் உள்ளே ஓடுவது கூகுள் நடத்தும் குரோமியம். பக்கத்தைத் திரையில் வரைந்து காட்டும் தன் சொந்த எஞ்சினை ஓபரா 2013இல் கைவிட்டது. மைக்ரோசாஃப்டே 2018 டிசம்பரில் தோல்வியை ஒப்புக்கொண்டு குரோமியத்துக்கு மாறியது. 2025இல் வந்த பெர்ப்ளெக்ஸிட்டியின் காமெட்டும் ஓப்பன்ஏஐயின் அட்லஸும் அதன் மேல்தான் கட்டப்பட்டவை. போட்டியைக் கொண்டுவந்துவிட்டதாக நம்பப்படும் ஏ.ஐ. பிரவுசர்களின் நிலை இது. குரோமியம் திறமூலம்தானே, யாரும் எடுத்து மாற்றலாமே என்பார்கள். எடுக்கலாம். ஆனால் அதில் எழுதும் பொறியாளர்களில் பெரும்பாலோர் கூகுளின் ஊழியர்கள். எந்த அம்சம் சேரும், எது போகும் என்பது அங்கே முடிவாகிறது. அந்த முடிவோடு உடன்படாதவர் ஒவ்வொரு புதுப்பிப்பிலும் தானே தனியாக வெட்டி ஒட்டிக்கொண்டிருக்க வேண்டும். எத்தனை காலம் முடியும்?

இதனால்தான் நம் ஜோஹோவின் உலா பிரவுசரைப் பற்றியும் தெளிவாகப் பேச வேண்டியிருக்கிறது. 2023 மே மாதம் வந்த உலா, மத்திய அரசு நடத்திய இந்திய பிரவுசர் போட்டியில் 2025 மார்ச்சில் முதல் பரிசாக ரூ.1 கோடி பெற்றது. தமிழ்நாட்டு நிறுவனம் செய்தது, விளம்பரத்துக்காக நம்மை வேவு பார்ப்பதில்லை என்கிறது, நானும் பயன்படுத்திப் பார்த்திருக்கிறேன், நன்றாகவே இருக்கிறது. ஆனால் சுதேசி பிரவுசர் வந்துவிட்டது, இனிக் கவலை இல்லை என்று சொல்பவர்களோடு என்னால் உடன்பட முடியவில்லை. உலாவும் குரோமியத்தின் மேல்தான் நிற்கிறது. அதைவிட, தோட்டத்து அக்காவின் போனில் அது எப்படிப் போய்ச் சேரும்? பரிசும் பாராட்டும் கொடுத்த அரசு, போனை முதன்முறை இயக்கும் அந்தத் திரையில் உலாவுக்கோ பயர்பாக்ஸுக்கோ ஒரு இடம் வாங்கித் தரவில்லை. வாசலைத் திறக்காமல் விருந்தாளிக்கு மாலை போட்டிருக்கிறோம்.

கூகுளைத் தவிர, தனி எஞ்சின் வைத்திருப்பவர்கள் இன்று இருவர்தான் மிச்சம். ஒன்று பயர்பாக்ஸ். அதை நடத்தும் மொசில்லாவின் வருமானத்தில் பெரும்பகுதி, கூகுள் தேடலை டிஃபால்டாக வைப்பதற்காக கூகுளே தரும் பணம். அது நின்றால் பயர்பாக்ஸ் பிழைப்பதே கடினம் என்று 2025இல் மொசில்லாவின் நிதி அதிகாரியே அமெரிக்க நீதிமன்றத்தில் சாட்சியம் சொன்னார். போட்டியாளரின் சாப்பாட்டுத் தட்டே எதிராளியின் கையில் இருக்கும் சந்தை இது. மற்றொன்று ஆப்பிள். ஐபோனில் எந்தப் பிரவுசரை இறக்கினாலும் உள்ளே ஆப்பிளின் வெப்கிட் எஞ்சின்தான் இருக்க வேண்டும் என்பது அதன் விதி. ஐரோப்பிய ஒன்றியம் சட்டம் போட்டபின் 2024 மார்ச்சில் அங்கே அதைத் தளர்த்தினார்கள்.

அந்த ஐரோப்பியச் சட்டம் இன்னொன்றையும் காட்டிக்கொடுத்தது. போனிலேயே பிரவுசர்களின் பட்டியலைக் காட்டி எது வேண்டும் என்று கேட்கச் சொன்னார்கள். வேறெதுவும் மாறவில்லை, பயர்பாக்ஸ் ஒரே இரவில் சிறந்த பிரவுசராகிவிடவில்லை. ஜெர்மனியிலும் பிரான்சிலும் ஐபோனில் அதன் அன்றாடப் பயனர்கள் ஏறத்தாழ இரட்டிப்பானார்கள் என்று மொசில்லா பின்னர் சொன்னது. கேட்டால் மக்கள் தேர்ந்தெடுக்கிறார்கள். இவ்வளவு காலமும் யாரும் கேட்கவில்லை.

இந்தியாவில் நிலை வேறு. போட்டி ஆணையத்தின் உத்தரவுக்குத் தடை விதிக்க 2023 ஜனவரியில் உச்ச நீதிமன்றம் மறுத்ததும் கூகுள் சில மாற்றங்களை அறிவித்தது. தேடுபொறியைத் தேர்ந்தெடுக்கத் திரை வரும் என்றது. பிரவுசருக்கு அப்படி எதுவும் சொல்லவில்லை. அதே ஆண்டு மார்ச் 29 அன்று மேல்முறையீட்டுத் தீர்ப்பாயம் அபராதத்தை உறுதி செய்தது, ஆனால் ஆணையத்தின் கட்டளைகளில் நான்கை நீக்கியது. முன்பே பதிந்த ஆப்களைப் பயனர் அகற்றிக்கொள்ள விட வேண்டும் என்பது அந்த நான்கில் ஒன்று. அபராதம் கூகுளுக்கு ஒரு நாள் செலவுகூட இல்லை. அகற்றும் உரிமைதான் நமக்குத் தேவைப்பட்டது, அது போய்விட்டது.

பிரவுசர் ஏன் இவ்வளவு முக்கியம் என்று கேட்பவர்களுக்கு சென்னையின் பாரத் மேட்ரிமோனியை நினைவூட்டலாம். தேடல் முடிவுகளில் கூகுள் பாரபட்சம் காட்டுகிறது என்று 2012இல் புகார் செய்த நிறுவனம். அந்தப் புகாரில் 2018 பிப்ரவரியில் ஆணையம் கூகுளுக்கு ரூ.135.86 கோடி அபராதம் விதித்தது. 2024 மார்ச் 1 அன்று, பிளே ஸ்டோர் கட்டணத் தகராறில், அதன் ஆப்களை கூகுள் ஸ்டோரிலிருந்து எடுத்துவிட்டது. மத்திய அரசு தலையிட்டபின் திரும்ப வந்தன. ஸ்டோரிலிருந்து ஒரே நாளில் வெளியேற்றப்படும் தொழிலுக்கு மிச்சமிருக்கும் ஒரே பாதை வலைத்தளம். கமிஷன் கேட்காத, அனுமதி தேவைப்படாத அந்தப் பாதைக்கும் கதவு பிரவுசர்தான். ஸ்டோரும் அவர்களுடையது, கதவும் அவர்களுடையது என்றால் அந்தத் தொழில் எங்கே போய் நிற்கும்?

செய்யக்கூடிய வேலைகள் இருக்கின்றன, அவை பெரிய செலவு பிடிப்பவையும் அல்ல. மத்திய அரசின் இணையத்தள வழிகாட்டு நெறிகளே அரசுத் தளங்களைப் பல பிரவுசர்களில் சோதிக்கச் சொல்கின்றன. தமிழ்நாடு மின் ஆளுமை முகமை, மூன்று எஞ்சின்களிலும் படிவம் கடைசிப் பொத்தான்வரை வேலை செய்கிறது என்று காட்டாத ஒப்பந்தக்காரருக்குப் பணம் கிடையாது என்று டெண்டரிலேயே எழுதலாம். நாளைக்கே எழுதலாம். போனில் பிரவுசர் தேர்வுத் திரை வந்தால் படிக்காதவர்கள் குழம்புவார்கள் என்ற ஆட்சேபத்தை நான் ஏற்கமாட்டேன். ஜிமெயில் கணக்கு, இருப்பிட அனுமதி என்று அத்தனை கேள்விக்கும் பதில் சொன்ன அக்காவால் இன்னொரு திரைக்கும் பதில் சொல்ல முடியும்.

சட்டமும் கைக்கெட்டும் தூரத்தில்தான் இருக்கிறது. 2024 மார்ச்சில் வெளியிடப்பட்ட டிஜிட்டல் போட்டி மசோதாவின் வரைவில், முன்கூட்டியே கட்டுப்படுத்தப்பட வேண்டிய சேவைகளின் பட்டியலில் பிரவுசரும் பெயர் சொல்லியே சேர்க்கப்பட்டிருக்கிறது. அது இன்னும் வரைவாகவே கிடக்கிறது. நீலகிரித் தொகுதியின் நாடாளுமன்ற உறுப்பினர் ஆ. இராசா 2007 முதல் 2010 வரை தகவல் தொழில்நுட்பத் துறையின் அமைச்சராக இருந்தவர். இந்தப் பட்டியலின் அர்த்தம் அவருக்கு விளக்க வேண்டியதில்லை. அவரும் தமிழ்நாட்டின் மற்ற உறுப்பினர்களும் அவையில் எழுத்துமூலம் கேட்க வேண்டிய கேள்வி ஒன்று இருக்கிறது: ஐரோப்பியருக்குக் கொடுத்த பிரவுசர் தேர்வுத் திரையை இந்தியருக்கு ஏன் கொடுக்கவில்லை என்று கூகுளிடமும் ஆப்பிளிடமும் அரசு கேட்டதா, கேட்டிருந்தால் அவர்கள் சொன்ன பதில் என்ன?